ஆறு எக்குவ

ஏப்ரல் முதல் வாரத்தில் மகளின் பள்ளியில் விடைத்தாள் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்கு என்ன பெரிய விடைத்தாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கணக்குத் தாளைப் புரட்டினேன். கூட்டல் சரி, கழித்தல் சரி, சிறியது பெரியது சரி. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கணக்கில் மட்டும் சிவப்புச் சுழி. ரவியிடம் 12 கோலிக்குண்டு, சீதாவிடம் 8, சீதாவைவிட ரவியிடம் எத்தனை அதிகம் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். ‘ஹவ் மெனி மோர்’ என்று அச்சாகியிருந்த இடத்தில் ‘மோர்’ என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, அதன் தலைமேல் பொடியாக ஒரு கூட்டல் குறி போட்டு, கீழே 20 என்று எழுதியிருந்தாள். அழித்து எழுதிய தடம்கூட இல்லை. அவ்வளவு உறுதி.

“மோர்னு வந்தா ஆட் பண்ணிடறாங்க சார், நிறையப் பசங்க இப்படித்தான்” என்றார் வகுப்பு மிஸ். அது உண்மைதான். வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்கிற பிள்ளைகளும் இந்த மாதிரிக் கணக்கில் சறுக்குவார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் மிஸ் அதோடு நிறுத்தவில்லை. “வீட்டுல இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் பேசினீங்கன்னா சரியாயிடும்.”

அந்த ‘இன்னும் கொஞ்சம்’ இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏனென்றால், அதற்கு முன் இரண்டரை மாதமாக எங்கள் வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நல்லது, கெட்டது

பொங்கல் லீவு முடிந்ததும் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, பெற்றோர் வந்து பார்க்கவும். போனோம். வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்கள். நானும் மனைவியும் தமிழ், என் அம்மா தெலுங்கு, பிள்ளை இரண்டும் பேசுவாள், ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்வாள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மிஸ் பேனாவை மூடி வைத்தார். “அதான் சார் கன்ஃப்யூஸ் ஆகுது. ஏற்கெனவே ரெண்டு, இங்க மூணாவது. நீங்க வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசிப் பாருங்களேன். மூணு மாசத்துல எப்படி மாறுறான்னு பாருங்க.” எங்களுக்கு மறுத்துப் பேசத் தெரியவில்லை. ஃபீஸ் கட்டுகிற இடத்தில் நிற்கும்போது எனக்கு எப்போதுமே ஒரு கூச்சம் உண்டு. சரி என்று வந்துவிட்டோம்.

நான் எடை மெஷின் சர்வீஸ் செய்கிறவன். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளிலிருந்து ஏற்காடு எஸ்டேட் வரை தராசு எங்கே தகராறு செய்தாலும் போவேன். என் ஆங்கிலம் மெஷினோடு வரும் கையேட்டு ஆங்கிலம். மனைவி பி.காம்., ஆத்தூர்க்காரி, என்னைவிட நன்றாகவே பேசுவாள். இருந்தாலும் ஒரு வாரம் போன பிறகுதான் கவனித்தேன், நாங்கள் இரண்டு பேரும் பேசியதெல்லாம் ஏவல். கம். சிட். ஈட். பிரஷ். ஷூஸ் எங்கே, ஃபாஸ்ட் ஃபாஸ்ட், டோன்ட். பிள்ளையை வேலை ஏவ எங்கள் ஆங்கிலம் தாராளமாகப் போதும். அதற்கு மேல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்டாள். தமிழிலோ தெலுங்கிலோ கேட்டிருந்தால் எனக்கும் விஞ்ஞானம் தெரியாதுதான், ஆனால் அது ஏற்காட்டுக்குப் பஸ் பிடிக்க வருகிறது என்றாவது இழுத்திருப்பேன். அவள் ‘ஒய்’ என்று கேட்டாள். நான் ‘ஐ டோன்ட் நோ’ என்றேன். ஐந்து ரோடு சந்திப்பு வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

திட்டுவதில்தான் பெரிய சிக்கல். மனைவி தமிழில் திட்டினால் அதில் பாதி கொஞ்சல். ‘அடி கழுதை, என் ராசாத்தி, சொன்னாக் கேக்கணும்டி’ என்று ஒரே மூச்சில் வரும், பிள்ளையும் முறைத்துக்கொண்டே சிரிப்பாள். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: குட் கேர்ள், பேட் கேர்ள். ஒரு நாள் பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு ‘பேட் கேர்ள்’ என்றாள். தமிழில் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையையும் யாரும் ‘கெட்ட பொண்ணு’ என்று சொன்னதில்லை. சொல்லவும் மாட்டோம், அது பெரிய வார்த்தை. ஆங்கிலத்தில் அது வாயிலிருந்து சாதாரணமாக விழுந்தது. மகள் டம்ளரை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது தலையாட்டினார், அவ்வளவுதான். பிள்ளையின் வேன் நாலு மணிக்கு வரும். அந்த நேரத்துக்கு அம்மா எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். டிவி சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நாங்களும் அதை நம்பினோம், அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் டிவி ஓடுவதில்லை என்பது மார்ச் மாதம்தான் எனக்கு உறைத்தது.

குருவிக்கூட்டைத் தின்ற பையன்

இதில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1988இல் சேலம் குகைப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் என்னைச் சேர்த்தபோது எனக்குத் தமிழ் வராது. சேலத்திலேயே பிறந்தவனுக்கா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தறிக்காரர் தெருக்களை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை என்று ஒரு சுற்று வந்தால் ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்ததில் கன்னடம், அதற்கடுத்ததில் சௌராஷ்டிரம் காதில் விழும். எங்கள் சந்தில் தெருநாயைக்கூடத் தெலுங்கில்தான் விரட்டுவோம். கடைக்குப் போனால் தமிழ், அதுவும் பெரியவர்கள் வேலை.

முதல் வாரத்தில் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கேள்வி புரிந்தது. எழுந்து ‘கூடு’ என்றேன். எங்கள் வீட்டுத் தெலுங்கில் கூடு என்றால் சோறு. வகுப்பு கொல்லென்று சிரித்தது. ‘டீச்சர், இவன் கூட்டைத் தின்னுட்டான்.’ டீச்சர் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, கரும்பலகையில் ஒரு குருவிக்கூடு வரைந்தார். பக்கத்தில் ஒரு தட்டு வரைந்து சோற்றைக் குவித்தார். இரண்டுக்கும் நடுவில் என்னை நிற்க வைத்து, “இவங்க வீட்டுல இதுவும் கூடு. நம்ம வீட்டுல அது மட்டும்தான் கூடு. இவனுக்கு ரெண்டு கூடு” என்றார். அன்று சாயங்காலம் வரை எனக்கு ரெண்டு கூட்டுக்காரன் என்ற மிதப்பு.

அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் ழகரம். தெலுங்குப் பிள்ளைகளுக்கு அது லேசில் வராது, நாக்கு எங்கேயோ போய் முட்டும். டீச்சர் என்னிடம் எண்ணச் சொன்னார். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று சொல்லிக்கொண்டே போய் ‘ஏடு’ என்றதும் நிறுத்தினார். “உங்க வீட்டு ஏடு இங்க ஏழு. உங்க வீட்டுக் கோடி இங்க கோழி. உன் ‘டு’ வர்ற இடத்துல நாக்கை மடக்கிட்டுத் தொடாம விடு.” தொடாமல் விட்டேன். வந்துவிட்டது. அவர் மொழியியல் படித்தவர் இல்லை, தெருவில் பத்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர், காது திறந்திருந்தது, அவ்வளவே. பின்னாளில் ஒரு திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டியபோது அந்த ஏழு, கோழி வரிசையிலேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது: தெலுங்குக் கூடும் தமிழ்க் கூழும் ஒரே வேரில் வந்தவை. டீச்சருக்கு அது தெரிந்திருந்தால் தட்டுக்குப் பதில் கூழ்ச்சட்டி வரைந்திருப்பார்.

என் அம்மாவிடம் அந்த டீச்சர் ஒரு தடவைகூட ‘வீட்டில் தமிழ் பேசுங்கள்’ என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடம் தமிழில் நடந்தது, வீடு தெலுங்கில் நடந்தது. ஒன்று இன்னொன்றின் வாசலில் வந்து நிற்கவில்லை. இதை அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்வதற்காகச் சொல்லவில்லை. அதே வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறக்கப் பயந்து, இரண்டாவது வருஷமும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்து, அப்புறம் தறிக்குழியில் இறங்கிவிட்ட பையன்களும் இருந்தார்கள். எனக்கு அந்த டீச்சர் வாய்த்தார்.

பதினாலு கிலோ அறுநூறு

மகளின் பள்ளியில் எங்களைக் கூப்பிட்டுப் பேசிய அதே ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. காப்பிப் பழம் எடுக்கிற காலம், தராசு இரண்டு பக்கமும் வெவ்வேறு எடை காட்டுகிறது என்று போன். எடுத்த பழத்தின் எடைக்குத் தகுந்த மாதிரி கூலி என்பதால் தராசு தப்பினால் சண்டைதான். எடையை உணரும் லோடு செல்லில் ஈரம் இறங்கியிருந்தது. சரிசெய்து முடிக்கும்போது மூட்டையோடு வரிசை நின்றுவிட்டது. உள்ளூர் ஆட்களோடு ஜார்க்கண்டிலிருந்து வந்த சில குடும்பங்களும். அதில் ஒரு அம்மா, கூட ஒன்பது பத்து வயசுப் பெண். சனிக்கிழமை, பள்ளி லீவு. மூட்டையை வைத்ததும் அந்தப் பெண் திரையைப் பார்த்து, “பதினாலு கிலோ அறுநூறு” என்று கணக்கெழுதும் ரைட்டரிடம் தமிழில் சொன்னாள், திரும்பி அம்மாவிடம் தன் பாஷையில் சொன்னாள், மறுபடி ரைட்டரிடம் “நேத்து எழுதினதுல முந்நூறு கொறயுதுன்னு அம்மா சொல்லுது” என்றாள். ரைட்டர் நோட்டைப் புரட்டி முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்.

என்ன பாஷை என்று கேட்டேன். “வீட்ல சாத்ரி. ஸ்கூல்ல தமிழ்.” பள்ளியில் சேர்ந்து முதல் வருஷம் முழுக்கப் பேசவே இல்லையாம், அதையும் ஏதோ வேறு யாருடைய கதை போலச் சொன்னாள். அப்புறம் எப்படி வந்தது என்றால் பக்கத்தில் உட்காருகிற பெண் பெயரைச் சொன்னாள். மலையாளிப் பெண். இங்கே ஒரு இடைச்செருகல்: சேர்வராயன் மலையின் பூர்வகுடிகளான மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அவர்கள் பேசுவது தமிழ். சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ‘தாய்மொழி மலையாளமா’ என்று கேட்கும் ஆட்களை அவர்கள் வாழ்க்கை முழுக்கச் சந்திக்கிறார்கள். அவர்களுடைய தமிழும் பாடப்புத்தகத் தமிழும் ஒன்றல்ல என்பது வேறு. ஆக, புத்தகத் தமிழ் வராத ஒரு பெண், தமிழே வராத இன்னொரு பெண்ணுக்கு மேய்ச்சலிலும் தட்டாங்கல்லிலும் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற வரை எனக்கு அந்த முந்நூறு கிராம்தான் மண்டையில். அந்த அம்மா எஸ்டேட்டுக்கு வருமுன் மகளோடு தமிழ் மட்டும் பேசு என்று யாராவது சொல்லியிருந்தால், நேற்றுக் குறைந்ததை அவள் மகளிடம் எந்த மொழியில் சொல்லியிருப்பாள்? ஆனால் அடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்தி, வீட்டுக்குப் போன் செய்து, மகளிடம் ‘டிட் யூ ஈட்’ என்றுதான் கேட்டேன். புத்தி வேறு, பழக்கம் வேறு.

மாம்பழப் பங்கு

மே கடைசியில் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து என் தாய்மாமா ஒரு அட்டைப் பெட்டி நிறைய மல்கோவா கொடுத்தனுப்பினார். இரண்டு டஜன். அம்மா கூடத்தில் கோணிச் சாக்கை விரித்து, பழங்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று எங்களுக்கு, ஒன்று அக்கா வீட்டுக்கு. நான் ஜன்னலோரம் ஒரு தராசுத் தட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து குவியல்களின் முன்னால் குந்தினாள். இந்தக் குவியலில் ஒன்றைத் தொட்டாள், அந்தக் குவியலில் ஒன்றைத் தொட்டாள். அப்படியே தொட்டுக்கொண்டு போய், இந்தப் பக்கம் தீர்ந்ததும் நிமிர்ந்தாள்.

“அவ்வா, அத்தகு ஆறு எக்குவ!”

பாட்டி, அத்தைக்கு ஆறு அதிகம். எண்ணிப் பார்த்தேன். அந்தப் பக்கம் 15, இந்தப் பக்கம் 9. மே மாதம் முழுக்க அந்த வாயிலிருந்து அவ்வளவு சத்தமாக ஒரு வாக்கியம் வந்து நான் கேட்கவில்லை. அம்மா மாட்டிக்கொண்டவர் போலச் சிரித்தார். அக்கா வீட்டுக்கு எப்போதும் ஒரு பிடி கூடப் போடுகிறவர்தான். “அக்கட பில்லலு முக்குரு” என்றார், அங்கே பிள்ளைகள் மூன்று பேர். மகள் யோசித்தாள். பதினைந்தையும் மூன்று வரிசையாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். ஒன்று உருண்டு தறிமேடை இருந்த மூலைக்குப் போக, ஓடிப்போய் எடுத்து வந்து வைத்தாள். ஆளுக்கு ஐந்து. அப்புறம் தன் பக்கத்து ஒன்பதைப் பார்த்தாள், சுற்றும் முற்றும் பார்த்தாள். இந்த வீட்டில் பிள்ளை அவள் ஒருத்திதான். முகத்தில் மெல்ல ஒரு களவாணிச் சிரிப்பு பரவியது. மூன்று வரிசையையும் அவசர அவசரமாகக் கலைத்து ஒரே குவியலாக்கி, “சரி, இய்யி அவ்வா” என்றாள். கொடுத்துவிடு என்று அர்த்தம்.

நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். ஏப்ரலில் 20 என்று எழுதிச் சுழி வாங்கிய அதே கணக்கு. அதையும் தாண்டி ஒரு வகுத்தல், அதையும் தாண்டி ஒரு நியாய விசாரணை, கடைசியில் லாபம் தன் பக்கம் என்று தெரிந்ததும் வழக்கை வாபஸ் வாங்குகிற சாமர்த்தியம் வேறு. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. ‘எக்குவ’ என்ற சொல்லோடு பிறந்ததிலிருந்து சண்டை போட்டிருக்கிறாள். யாருக்கு எக்குவ, எனக்கு ஏன் தக்குவ என்று தோசையிலிருந்து ஜன்னலோர சீட்டு வரை. ‘மோர்’ என்ற சொல்லோடு அவள் ஒரு சண்டையும் போட்டதில்லை. அதைப் பார்த்தால் கூட்டல் குறி போடு என்று யாரோ சொன்னார்கள், போட்டாள்.

என் தொழிலில் ‘டேர்’ என்று ஒரு பட்டன் உண்டு. பாத்திரத்தைத் தட்டில் வைத்து அதை அழுத்தினால் பாத்திர எடை கழிந்து திரை பூஜ்யத்துக்கு வரும். அப்புறம் நீங்கள் போடுகிற சரக்கு மட்டும்தான் எடையில் தெரியும். ஜனவரியில் நாங்கள் செய்தது அதுதான். ஆறு வருஷமாகப் பிள்ளை சேர்த்து வைத்ததைத் தட்டில் வைத்துக்கொண்டே டேரை அழுத்தினோம். பூஜ்யம் வந்தது. பூஜ்யத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கவலைப்பட்டோம்.

எந்தத் தாய்மொழி?

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், கொலுசுப் பட்டறைக்காரர், தமிழ்ப் பற்றாளர். டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னதும், “அதுக்குத்தான் தாய்மொழியில படிக்க வைங்கறது” என்றார். எந்தத் தாய்மொழி என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

சட்டங்கள் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளைகள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956இலேயே அரசியல் சாசனத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டமும் பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருக்கட்டும் என்கிறது, ‘இயன்ற வரை’. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழி என்கிறது, அதுவும் ‘இயன்ற இடங்களில்’. எங்கள் தெருவில் அது இயன்றதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. 1965 வரை ஓசூரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, அந்தப் பக்கம் தெலுங்கு வழிப் பள்ளிகள் உண்டு. குகையில் என்னைத் தெலுங்கு வழியில் சேர்த்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. எங்கள் வீட்டுத் தெலுங்குக்கும் விஜயவாடாப் பாடப்புத்தகத்துக்கும் உள்ள தூரம், எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். என் அம்மாவுக்குத் தெலுங்கு எழுத்தில் ‘அ’ தெரியாது. மூன்றாவது வரை படித்ததில் பஸ் போர்டும் தினத்தந்தியும் தமிழில் படிப்பார். 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்து ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியபோது சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றம் போயின. அந்தச் செய்தியை அம்மா தினத்தந்தியில் எழுத்துக்கூட்டித் தமிழில் படித்து, தெலுங்கில் எங்களுக்குச் சொன்னார்.

நண்பர் ராஜாஜியை இழுத்தார். சேலத்தில் இப்படிப் பேசினால் ராஜாஜி வராமல் இருக்க மாட்டார். 1916இல் இதே ஊரில் உட்கார்ந்து ரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் தமிழில் கலைச்சொல் உண்டாக்கச் சங்கம் வைத்தவர். அதே மனுஷர் 1938இல் மாகாணப் பிரதமராக இருந்துகொண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி ஊரையே தெருவுக்குக் கொண்டுவந்தார், 1940இல் அது வாபஸ் ஆனது. முதலாவது எப்பேர்ப்பட்ட காரியம், இரண்டாவது எப்பேர்ப்பட்ட பிழை என்று நண்பர் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் வேறொன்று பட்டது. ஒரே ஆள், ஒரே மூளை. பிள்ளைக்கு எட்டும்படி அறிவைக் கொண்டுவர நினைத்தபோது ஒன்றைச் செய்தார், பிள்ளையை வேறெங்கோ கொண்டுபோக நினைத்தபோது மற்றதைச் செய்தார். பள்ளிக்கூடங்களிலும் இந்த இரண்டு நினைப்பும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். மகளை ஆங்கில வழியிலிருந்து நான் எடுக்கவில்லை, எடுக்கப் போவதும் இல்லை. மெஷின் கையேட்டை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரனுடன் போனில் திக்கித் திணறி, கடைசியில் ‘ஓகே சார், ஓகே சார்’ என்று வைத்துவிடுகிற அப்பன் நான். எனக்கு இருக்கிற அந்தக் கூச்சம் அவளுக்கு வேண்டாம் என்ற ஆசை என்னை விடாது. 2012-13இல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்தார்கள் என்றால், என்னை மாதிரி லட்சம் அப்பன்கள் கேட்டதால்தானே. பள்ளி எந்த மொழியில் வேண்டுமானாலும் நடக்கட்டும். என் சண்டை அதோடு இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்து, இங்கே யார் எதில் பேசலாம் என்று சொன்னதை நான் கேட்டுக்கொண்டேனே, அதோடுதான்.

எச்சு

ஜூனில் பள்ளி திறந்த வாரம் பழைய மிஸ்ஸை வராந்தாவில் பார்த்தேன். ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன், இருந்தாலும் தடுமாறிற்று. வீட்டில் இனிமேல் ஆங்கிலம் பேசப் போவதில்லை, அவள் பாட்டிக்குத் தெரிந்ததில் பேசட்டும், பள்ளியில் நீங்கள் உங்கள் வழியில் நடத்துங்கள் என்றேன். மாம்பழக் கதையையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த நோட்டுகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தார்.

“எக்குவன்னா மோரா சார்?”

“ஆமா மிஸ்.”

“எங்க வீட்டுல எச்சுன்னு சொல்வோம்.” குரல் இறங்கிவிட்டது. “கன்னடம். அம்மாப்பேட்டைதான் நாங்களும்.” எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “எங்க பொண்ணுக்கு நாலு வயசு. நான் இங்கிலீஷ்தான் பேசறேன் சார், பேசித்தான் ஆகணும், மத்தவங்களுக்குச் சொல்லிட்டு நான் பேசலைன்னா எப்படி?” அதற்குள் மணி அடித்துவிட்டது. திரும்பி, வராந்தாவில் இடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து ‘ஸ்டாண்ட் இன் லைன்’ என்று ஒரு சத்தம் போட்டார். அந்தக் குரல் வேறு ஆளுடையது போல இருந்தது.

அம்மா எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து தானாகத் திரும்பி வந்தார், யாரும் கூப்பிடவில்லை. இப்போது சாயங்காலம் கணக்கு நோட்டு அவரிடம்தான். மகள் ஆங்கிலத்தில் சத்தமாக வாசிப்பாள், அவ்வாவுக்குத் தெலுங்கில் சொல்வாள், அவ்வா விரல் கணுவைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார், மகள் விடையை எழுதுவாள். சில கணக்குகள் தெலுங்குக்குள் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அப்போது அடுப்படியிலிருந்து மனைவி தமிழில் ஒரு குரல் கொடுப்பாள். நேற்று ஒரு கணக்கு. ரயிலில் 18 பேர், ஒரு ஸ்டேஷனில் 5 பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் மிச்சம். மகள் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குறுக்கே கேட்டார், அது எந்த ஸ்டேஷன், யாரும் ஏறவில்லையா என்று. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நோட்டில் விடை எழுதும் இடம் ரொம்ப நேரம் காலியாகவே இருந்தது.